திரையை நிறைக்காத திரைப்படம்

பண்டிகைக் காலத் தள்ளுபடியில் 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. கூடத்துச் சுவரில் பொருத்தியாகிறது. செய்தி அலைவரிசை திரையை முழுமையாக நிறைக்கிறது. கிரிக்கெட் ஆட்டமும் அவ்வாறே. அன்றிரவு குடும்பத்தினர் ஒன்றுகூடிப் புதிய திரைப்படம் ஒன்றைப் பார்க்க அமர்ந்ததும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கறுப்புப் பட்டைகள் தோன்றுகின்றன. "இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியது முக்கால் திரைக்குத்தானா?" என்று வீட்டின் மூத்தவர் கேட்கிறார். இளையவர் ஒருவர் ரிமோட்டை எடுத்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்துகிறார். பட்டைகள் மறைகின்றன, எல்லோருக்கும் நிம்மதி. அந்த ஒரு பொத்தானால் படத்தின் நான்கில் ஒரு பங்கு காணாமற் போய்விட்டது என்பதை அங்கே எவரும் அறிவதில்லை.

விற்பனையாளரை நோக்கிப் புகார் எழுதுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். அந்தப் பட்டைகள் பெட்டியின் குறையும் அல்ல. இணைய இணைப்பின் குறையும் அல்ல. படத்தின்மீது எவரோ ஒட்டிவைத்த மறைப்பும் அல்ல. படம் முடிகிற இடத்திலிருந்து திரையின் விளிம்பு வரை எஞ்சியிருக்கும் வெற்றிடமே அவை. நீண்ட சமுக்காளத்தைச் சதுரமான அறையில் விரித்தால் இருபுறமும் தரை தெரிவது போன்றதே இது.

இதன் கணக்கு எளிது. ஒரு படத்தின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்தால் கிடைப்பது அதன் வடிவ விகிதம். இன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்தும் 16-க்கு 9 என்ற வடிவில் செய்யப்படுகின்றன; வகுத்துப் பார்த்தால் 1.78. நம் திரைப்படங்களுள் பெரும்பாலானவை எடுக்கப்படும் சினிமாஸ்கோப் வடிவமோ 2.39. அதாவது உயரம் ஓர் அடி என்றால் அகலம் ஏறத்தாழ இரண்டே கால் அடிக்கும் மேல். 43 அங்குலம் என்று கடையில் சொல்வது மூலைவிட்ட அளவு; அத்திரையின் அகலம் சுமார் 37.5 அங்குலம், உயரம் 21 அங்குலம். சினிமாஸ்கோப் படம் அந்த 37.5 அங்குல அகலத்தில் முழுமையாகப் பொருந்த வேண்டுமானால் அதன் உயரம் 15.7 அங்குலமாகத்தான் இருக்க முடியும். எஞ்சிய ஐந்தரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான உயரம் மேலும் கீழுமாகப் பிரிந்து கறுப்பாக நிற்கிறது. பரப்பளவில் பார்த்தால் திரையின் நான்கில் ஒரு பங்கு.

அந்த வெற்றிடத்தை ஒழிக்க இளையவர் அழுத்திய பொத்தான் என்ன செய்தது? 15.7 அங்குல உயரத்தை 21 ஆக்குவதற்காகப் படம் முழுவதையும் பெரிதாக்கியது. உயரம் வளரும்போது அகலமும் அதே அளவில் வளர்ந்து 50 அங்குலத்தைத் தாண்டுகிறது. சுவரில் இருப்பதோ 37.5 அங்குலத் திரை. இருபுறமும் வழிந்துபோகும் பகுதி கண்ணுக்குத் தெரியாது. வெற்றிடத்தில் இழந்ததாக நினைத்த கால் பங்கு இப்போது உண்மையிலேயே படத்திலிருந்து இழக்கப்படுகிறது. இடப்பக்கம் நின்று பேசும் அண்ணனும் வலப்பக்கம் நின்று கேட்கும் தம்பியும் பாதிப் பாதி முகத்தோடு நிற்க, நடுவிலுள்ள தூண் மட்டும் முழுமையாகத் தெரியும்.

அப்படியானால் திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் ஒரே வடிவில் செய்திருக்கக் கூடாதா என்று கேட்பது நியாயமே. வியப்புக்குரிய செய்தி என்னவென்றால், ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வடிவில்தான் இருந்தன. வேண்டுமென்றே, போட்டியின் காரணமாகப் பிரிந்தன.

1890களின் தொடக்கத்தில், எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வில்லியம் டிக்சன் 35 மில்லிமீட்டர் அகலப் படச்சுருளை உருவாக்கியபோது, ஒரு படச் சட்டகத்துக்கு இரு ஓரங்களிலும் நான்கு நான்கு துளைகள் என்று வகுத்தார். அதனால் அமைந்த வடிவம் 4-க்கு 3, அதாவது 1.33. பேசாப் படங்களுள் பெரும்பாலானவை இவ்வடிவில்தான் வந்தன. பேசும் படம் வந்ததும் படச்சுருளின் ஓரத்தில் ஒலித்தடத்துக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுக் குழப்பத்துக்குப் பின் 1932-இல் ஹாலிவுட்டின் அகாதெமி 1.37 என்ற வடிவத்தைத் தரப்படுத்தியது. முன்னதற்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை. நம் 'சந்திரலேகா'வும் 'பராசக்தி'யும் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யும் இவ்வடிவத்துக்குள்தான் இயற்றப்பட்டன. பின்னர்த் தொலைக்காட்சி பிறந்தபோது அதன் கண்ணாடிக் குழாய்க்கும் திரைப்படத்தின் 4-க்கு 3 வடிவத்தையே கொடுத்தனர். ஆக, 1950 வாக்கில் கொட்டகையின் திரையும் வீட்டின் பெட்டியும் அளவில்தான் வேறுபட்டன; வடிவில் உடன்பிறப்புகள்.

அந்த ஒற்றுமையே அமெரிக்கத் திரையுலகுக்கு ஆபத்தாயிற்று. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் குடும்பங்கள் மாலை வேளைகளில் வீட்டுக்குள் பெட்டியின் முன் அமரத் தொடங்கின. திரையரங்குகளில் கூட்டம் குறைந்தது. வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைக் காசு கொடுத்துப் பார்க்க மக்களை வரவழைக்க வேண்டுமானால், வீட்டுப் பெட்டியால் காட்டவே முடியாத ஒன்றைக் காட்ட வேண்டும். 1952 செப்டம்பரில் நியூயார்க்கில் 'சினிரமா' அறிமுகமானது. மூன்று படவீழ்த்திகள் ஒரே நேரத்தில் இயங்கி, வளைந்த பெருந்திரையில் மூன்று படங்களை அருகருகே வீழ்த்தின. பார்த்தவர்கள் மலைத்தனர். ஆனால் ஊருக்கு ஊர் மூன்று இயந்திரங்களையும் அவற்றுக்கான பணியாளர்களையும் வைத்திருப்பது எந்த அரங்க உரிமையாளருக்கும் கட்டுப்படியாகாது.

தீர்வு ஒரு பிரெஞ்சுக்காரரின் பழைய கண்டுபிடிப்பில் இருந்தது. ஹென்றி கிரெத்தியன் என்னும் வானியல் அறிஞர் 1920களிலேயே ஒரு வினோதமான லென்ஸை வடிவமைத்திருந்தார். அது எதிரே உள்ள காட்சியைப் பக்கவாட்டில் மட்டும் சரிபாதியாக நெருக்கிப் படச்சுருளில் பதிக்கும். அத்தகைய சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கதாநாயகன் மூங்கில்போல் ஒடுங்கி நெட்டையாகத் தெரிவான். திரையரங்கில் படவீழ்த்தியின் முன் பொருத்தப்படும் மற்றொரு லென்ஸ் அந்த நெருக்கத்தை விரித்துவிடும். கதாநாயகன் தன் இயல்பான உருவத்தைத் திரும்பப் பெறுவான், காட்சியோ இருமடங்கு அகலமாகியிருக்கும். அதே காமிரா, அதே 35 மில்லிமீட்டர் சுருள், அதே படவீழ்த்தி. கூடுதலாக ஒரு லென்ஸும் அகன்ற திரையும் போதும். டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் இதன் உரிமையைப் பெற்று 'சினிமாஸ்கோப்' என்று பெயர் சூட்டி, 1953 செப்டம்பரில் 'தி ரோப்' படத்தை வெளியிட்டது. தொடக்கத்தில் 2.55 ஆக இருந்த அகலம், ஒலித்தட மாற்றத்தால் 2.35 ஆகி, 1970களில் சிறு திருத்தத்துடன் 2.39-இல் நிலைபெற்றது. பழகிய நாக்குக்கு இன்னமும் அது 2.35 தான்; தொழிலில் உள்ளவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த வழிக்கு வராத நிறுவனங்கள் 1.66, 1.85 என்று நடுத்தர அகலங்களை நாடின. அவற்றுள் 1.85 இன்றும் வழக்கில் உள்ளது. அவ்வடிவில் எடுத்த படம் நம் வீட்டுத் திரையில் மேலும் கீழும் மெல்லிய கோடு போன்ற கறுப்பை மட்டுமே விடும்.

இந்தியாவில் சினிமாஸ்கோப்பின் முதல் முயற்சி 1959-இல் வெளிவந்த குரு தத்தின் 'காகஸ் கே பூல்'. ஒளிப்பதிவு வி. கே. மூர்த்தி. ஆளற்ற பெரும் படப்பிடிப்புத் தளம். கண்ணாடிகளைக் கொண்டு திருப்பிவிடப்பட்ட சூரிய ஒளி கூரையிலிருந்து தூணாக இறங்குகிறது. அதன் இருபுறமும் எட்டி நிற்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் நெருங்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் நிற்கின்றனர். கீதா தத்தின் குரலில் ஒலிக்கும் அந்தப் பாடற் காட்சியின் பொருளே அவ்விருவருக்கும் நடுவிலுள்ள வெறுமைதான். படம் அன்று வணிகரீதியாகத் தோற்றது. மூர்த்தி பிற்காலத்தில் தாதாசாகிப் பால்கே விருது பெற்றார்; ஒளிப்பதிவாளர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. இக்காட்சியை வீட்டுத் திரைக்கு நிறைவாகப் பெரிதாக்கிப் பாருங்கள்: இருவருக்கும் இடையிலுள்ள தூரம் மாறாது, ஆனால் அவர்களைச் சூழ்ந்திருக்கும் இருண்ட தளத்தின் பெருமளவு போய்விடும். இருவரும் ஓர் அறைக்குள் நிற்பவர்களாகத் தோன்றுவர்.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் ஏ. பி. நாகராசன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த 'ராஜராஜ சோழன்'. அரசவையையும் கோவிலையும் காட்டுவதற்கு அகன்ற திரையைத் தேர்ந்ததில் பொருத்தம் உண்டு. 1975-இல் 'ஷோலே' 35 மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டு 70 மில்லிமீட்டர்ப் பிரதியாகப் பெரிதாக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் சுவரொட்டிகளில் 'சினிமாஸ்கோப்' என்ற எழுத்துகள் வளைந்து பெரிதாக நின்ற காலத்தைப் பலர் நினைவில் வைத்திருப்பர். நாளடைவில் அது எல்லாப் படங்களுக்கும் பொதுவாகிவிட்டதால் சுவரொட்டியில் சொல்லவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று.

இங்கேதான் திரையரங்குக்கும் வீட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு வருகிறது. பெரும்பாலான பழைய அரங்குகளில் திரையின் உயரம் மாறாதது. சாதாரணப் படத்தின்போது இருபுறமும் கறுப்புத் திரைச்சீலைகள் நெருங்கி நிற்கும். சினிமாஸ்கோப் படம் தொடங்குமுன் அவை மெல்ல விலகும். திரை அகன்றுகொண்டே போகும். அந்த விலகலே ஒரு காட்சி. கொட்டகையில் சினிமாஸ்கோப் என்றால் பெரிய படம். வீட்டிலோ அகலம் மாறாதது. ஆகவே அகன்ற படம் வரும்போது உயரம்தான் குறையும். எதைப் பெரிதாகக் காட்டுவதற்காக அந்த வடிவம் உருவாக்கப்பட்டதோ, அதையே வீட்டுத் திரை சிறிதாக்கிக் காட்டுகிறது. கறுப்புப் பட்டைமீது நமக்கு எழும் எரிச்சலின் மூலகாரணம் இதுவென்றே தோன்றுகிறது. நாம் கணக்குப் போட்டுக் கோபப்படுவதில்லை. சிறப்பான நிகழ்ச்சி சிறுத்துப் போவதைக் கண் உணர்ந்து கொள்கிறது.

பழைய 4-க்கு 3 பெட்டிகளின் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். சினிமாஸ்கோப் படத்தை முழுமையாகக் காட்டினால் திரையில் 43 விழுக்காடு கறுப்பாகிவிடும். 20 அங்குலப் பெட்டியில் அது நடுவே ஓடும் நாடாபோல் இருக்கும். எனவே அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் வேறு வழி கண்டன. 1961-இல் என்பிசி அலைவரிசை சனிக்கிழமை இரவுகளில் திரைப்படம் ஒளிபரப்பத் தொடங்கியபோது முதல் படமே சினிமாஸ்கோப்பில் எடுத்த 'ஹவ் டு மேரி எ மில்லியனேர்'. படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் திரையை நிறைத்தனர். பேசுபவர் இடப்பக்கம் இருந்தால் வெட்டும் சட்டம் இடம் நோக்கி நகரும். பதில் சொல்பவர் வலப்பக்கம் என்றால் வலம் நோக்கி ஓடும். இயக்குநர் அசையாத காமிராவில் எடுத்த காட்சி, தொலைக்காட்சியில் தலையை அங்குமிங்கும் திருப்புவதாக மாறியது. எந்த முகம் முக்கியம், எது வேண்டாம் என்று தீர்மானித்தவர் இயக்குநர் அல்லர். பிரதி எடுக்கும் கூடத்தில் அமர்ந்திருந்த ஒரு தொழில்நுட்பப் பணியாளர்.

பெயர்ப்பட்டியலை மட்டும் அவர்களால் வெட்ட முடியவில்லை. நடிகர் பெயரின் முதல் பாதியை வெட்டினால் வழக்கு வரும். அதனால் தலைப்புப் பகுதியை நெருக்கிய நிலையிலேயே காட்டுவது வழக்கமாயிற்று. பெயர்கள் ஓடும்வரை குதிரைகளும் மனிதர்களும் ஒட்டகச்சிவிங்கிபோல் நெட்டையாக இருப்பார்கள். இயக்குநர் பெயர் மறைந்த அடுத்த நொடி திடீரெனப் பருத்துவிடுவார்கள். சிறுவயதில் இதைக் கண்டு பெட்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஆண்டெனாவைத் திருப்பியவர்கள் இவ்விதழின் வாசகர்களுள்ளும் இருக்கக்கூடும்.

வெட்டப்படுவது வெறும் ஓரம்தானே, அதற்கென்ன இவ்வளவு வருத்தம் என்று கேட்கலாம். படைத்தவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டர்' என்ற படத்தின் இயக்குநர் சிட்னி பொல்லாக், தம் படத்தை இவ்வாறு வெட்டி ஒளிபரப்பிய டென்மார்க்கின் பொதுத் தொலைக்காட்சி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார். 1997-இல் வந்த தீர்ப்பு, அப்படி வெட்டியது படைப்பைச் சிதைத்ததே என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் சட்ட நுணுக்கம் ஒன்றால் வழக்கின் முடிவு அவருக்குச் சாதகமாக அமையவில்லை. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 57-ஆம் பிரிவில், ஓர் ஆசிரியரின் நற்பெயருக்கு ஊறு விளையும்படி அவர் படைப்பைத் திரித்தாலோ சிதைத்தாலோ தடுக்கும் உரிமையை அவருக்கு வழங்குகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதே சட்டத்தில் திரைப்படத்தின் 'ஆசிரியர்' என்று வரையறுக்கப்படுபவர் தயாரிப்பாளர். சட்டகத்துக்குள் எவர் எங்கே நிற்க வேண்டும் என்று நாள்கணக்கில் தீர்மானித்த இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் அந்த வரையறையில் இடமில்லை.

நேர்மையாக ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். சில படங்களில் காமிரா உயரமான சட்டகத்தைப் பதிவு செய்யும். திரையரங்குக்கு அனுப்பும்போது மேலும் கீழும் மறைத்துவிடுவார்கள். அத்தகைய படங்களின் தொலைக்காட்சிப் பிரதியில் அந்த மறைப்பை நீக்கித் திரையை நிறைக்க முடியும். பக்கங்களில் எதுவும் போகாது. சில வேளைகளில் மேலேயிருந்து தொங்கும் ஒலிவாங்கி தலைகாட்டுவதுண்டு என்பது இதிலுள்ள ஆபத்து.

இன்றைய 16-க்கு 9 வடிவம் எங்கிருந்து வந்தது? திரைப்படத்தில் எவரும் பரவலாகப் பயன்படுத்தாத வடிவம் அது. 1980களில் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான தரத்தை வகுக்கும் பணி நடந்தபோது, அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தைச் சேர்ந்த கெர்ன்ஸ் பவர்ஸ், வழக்கிலுள்ள எல்லா வடிவங்களையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி, நடுப்புள்ளி பொருந்துமாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அவை எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச்செவ்வகத்தின் விகிதமும், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான உட்செவ்வகத்தின் விகிதமும் ஒன்றாகவே அமைந்தன: ஏறத்தாழ 1.77. முதலீட்டின் சராசரி ஆண்டு வளர்ச்சியைக் கணக்கிட்டுப் பழகிய வாசகர்களுக்கு இது புதிதன்று. 1.33-ஐ 2.35-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும் எண் அதுவே, பெருக்குச் சராசரி. குறுகிய படத்துக்கும் அகன்ற படத்துக்கும் சம அளவில் அநீதி இழைக்கும் வடிவம் என்றும் இதைச் சொல்லலாம். சினிமாஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கால் பங்கு வெற்றிடம். 4-க்கு 3 நிகழ்ச்சிக்கு இடமும் வலமுமாக அதே கால் பங்கு வெற்றிடம். எவருக்கும் முழு மகிழ்ச்சியில்லை, எவருக்கும் பெரும் இழப்பும் இல்லை. நல்ல பாகப்பிரிவினையின் இலக்கணம் அதுதானே.

21-க்கு 9 வடிவில் தொலைக்காட்சி செய்தால் என்ன என்ற எண்ணமும் செயலாகிப் பார்க்கப்பட்டது. 2009-இல் பிலிப்ஸ் நிறுவனம் அத்தகைய பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சினிமாஸ்கோப் படம் அதில் அழகாக நிறைந்தது. ஆனால் செய்தி, தொடர், விளையாட்டு எல்லாவற்றுக்கும் இருபுறமும் கறுப்புப் பட்டை. சில ஆண்டுகளில் அது சந்தையை விட்டுப் போயிற்று. இன்று அந்த வடிவத்துக்கு நெருக்கமாக இருப்பது நம் கைப்பேசி. 20-க்கு 9 என்ற வடிவிலுள்ள கைப்பேசியைப் படுக்கவைத்துப் பிடித்தால் சினிமாஸ்கோப் படம் கிட்டத்தட்ட முழுத் திரையையும் நிறைக்கும். ஆனால் எழுபது மில்லிமீட்டர்க் கனவு உள்ளங்கைக்குள் அடங்கியதைப் பெருமையாகக் கொள்வதா என்பது வேறு விஷயம்.

பழைய படங்களுக்கு இப்போது நேர்வது தலைகீழான விபத்து. 'சந்திரலேகா'வின் புகழ்பெற்ற முரசு நடனம் 1948-இல் 1.37 சட்டகத்துக்கென அமைக்கப்பட்டது. வரிசை வரிசையாகப் பெருமுரசுகள்; அவற்றின்மேல் ஆடும் பெண்கள். இதைப் புதிய பெட்டியில் முறையாகக் காட்டினால் இடமும் வலமும் கறுப்பு நிற்கும். அதைப் பொறுக்காத அலைவரிசைகளும் இணையக் காணொலிகளும் படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டிவிடுகின்றன. ஏறத்தாழ 23 விழுக்காடு போகிறது. மேலே வெட்டினால் தலை, கீழே வெட்டினால் முரசு. இன்னும் சிலர் வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்து விடுகிறார்கள். பூரணச் சந்திரன் முட்டையாகிறது. ஒல்லியான நாயகி ஒரே இரவில் பருத்துவிடுகிறாள். வெட்டுவதா இழுப்பதா என்று கேட்டால், இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. கட்டாயம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வெட்டுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இழுப்பது நடிகர்களுக்குச் செய்யும் துரோகம்.

கறுப்புப் பட்டையையே கலைக்கருவியாக்கிய இயக்குநர்களும் உண்டு. கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட்' படத்தின் வட்டுப்பிரதியில் ஐமாக்ஸ் காமிராவால் எடுத்த காட்சிகள் வரும்போது பட்டைகள் மறைந்து திரை நிறையும்; பிற காட்சிகளில் மீண்டும் வரும். வெஸ் ஆண்டர்சனின் 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' கதை நிகழும் காலத்துக்கேற்ப மூன்று வடிவங்களை மாற்றி மாற்றிக் கையாள்கிறது. எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு, புதுச்சேரியில் தொடங்கும் கதையான ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை'. பறக்கும் மீன்கள் கூட்டமாகப் படகைத் தாக்கும் காட்சியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் திட்டமிட்டே வருகின்றன. பாய்ந்துவரும் மீன்கள் படத்தின் எல்லையைத் தாண்டி அந்தக் கறுப்பின்மீதே பறக்கின்றன. திரையிலிருந்து நம் கூடத்துக்குள் குதித்துவிட்டன போன்ற பிரமை. அக்காட்சியை 'திரையை நிறை' என்ற பொத்தானோடு பார்த்தவருக்கு அந்த வித்தை முழுமையாகக் கிட்டாது.

இனி நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். படவடிவுக்கான அமைப்பு எல்லாப் பெட்டிகளிலும் உண்டு. பெயர்கள்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 'ஒரிஜினல்', '16:9', 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்பன பொதுவாகப் படத்தை வந்த வடிவில் காட்டுபவை. 'ஜூம்' வெட்டும். 'ஸ்ட்ரெட்ச்' இழுக்கும். 'ஒயிட் ஜூம்' என்பது பெரும்பாலும் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வது. '16:9' அமைப்பிலேயே செய்தி அலைவரிசையின் அடியில் ஓடும் வரி பாதி வெட்டுப்பட்டால், பெட்டி தானாகவே ஓரத்தைச் சற்று வெளியே தள்ளுகிறது என்று பொருள். பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளின் விளிம்புக் குறைகளை மறைக்க ஏற்பட்ட பழக்கம் அது. தட்டைத் திரைக்குத் தேவையில்லை. 'ஜஸ்ட் ஸ்கேன்' போன்ற அமைப்புக்கு மாற்றினால் அந்த வரி முழுமையாகத் தெரியும்.

கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்திருந்தால் அதற்குப் பெட்டியின் வகை காரணம். சாதாரண எல்.இ.டி. பெட்டியில் பின்னாலுள்ள விளக்கு எப்போதும் எரிகிறது. அந்த ஒளி பட்டைகளின் வழியாகவும் சற்றுக் கசியும். ஓ.எல்.இ.டி. பெட்டியில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே அணையக்கூடியது; இருண்ட அறையில் பட்டை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. விலை வேறுபாட்டுக்கு உரிய காரணங்களில் இதுவும் ஒன்று. எல்.இ.டி. பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டியின் பின்புறச் சுவரில் மங்கலான விளக்கு ஒன்றை எரியவிட்டால் சாம்பல் நிறம் கண்ணை உறுத்தாது. இதற்குச் செலவு சில நூறு ரூபாய்தான்.

ரிமோட்டின் 'ஜூம்' பொத்தானை மனச்சாட்சியோடு அழுத்தக்கூடிய ஒரே ஒரு சூழ்நிலை உண்டு. பழைய சாதாரணத் தெளிவு அலைவரிசைகளில் சில, சினிமாஸ்கோப் படத்தை 4-க்கு 3 சட்டகத்துக்குள் மேலும் கீழும் கறுப்பு விட்டு ஒளிபரப்பும். அதைப் புதிய பெட்டி பெற்று, தன் பங்குக்கு இடமும் வலமும் கறுப்பைச் சேர்க்கும். நான்கு பக்கமும் இருள் சூழ, படம் நடுவில் தபால்தலை போல் நிற்கும். திரையின் பரப்பில் 42 விழுக்காடு மட்டுமே அதற்குக் கிடைக்கும். அப்போது 'ஜூம்' அழுத்துங்கள். படம் பக்கவாட்டில் முழு அகலத்துக்கு விரியும். வெட்டுப்படுவது மேலும் கீழும் உள்ள கறுப்பு மட்டுமே. படத்தின் ஒரு துளியும் போகாது. பெட்டியில் மாற்றியும் பயனில்லையென்றால் டி.டி.எச். பெட்டியின் அமைப்புப் பட்டியலையும் திறந்து பாருங்கள். பல வீடுகளில் அது பொருத்தப்பட்ட நாளிலிருந்து '4:3' என்றே விடப்பட்டிருக்கிறது.